வாயில்லா ஜீவனின் சம்மதம்

மருந்தைப் பற்றிய அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வள்ளுவர், நோயாளி, அந்த நோயைத் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே வைத்தியம் என்று வகுத்துக் காட்டுகிறார். இந்நான்கில் முதலிடம் பெற்ற நோயாளி, தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லவும், கசப்பைத் தன் நன்மைக்கென்று அறிந்து விழுங்கவும், போதும் என்று தோன்றுகிறபோது கையெடுத்துக் கும்பிட்டு மறுக்கவும் வல்ல மனிதராக இருக்கும் வரையில், மற்ற மூன்றின் கடமையும் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. அந்த இடத்தில் பேச்சற்ற ஒரு பிராணி வந்து படுத்துவிட்டால், சம்மதிப்பதும் மறுப்பதுமாகிய நோயாளியின் உரிமை யாரிடம் போய்ச் சேருகிறது? பணிவிடை செய்பவரிடம்தான். மருந்தைப் புகட்டும் வேலையோடு, புகட்டத்தான் வேண்டுமா என்று நோயாளியின் ஸ்தானத்தில் நின்று தீர்மானிக்கும் பாரமும் அவர் தலையில் விழுகிறது. சம்மதம் சொல்ல இயலாத ஓர் உயிருக்காக நாம் சம்மதம் சொல்வது எந்த நியாயத்தால், எந்த எல்லை வரையில் என்பதே இங்கு என் விசாரம்.

இந்தக் கேள்வியை அந்தரத்தில் நிறுத்திப் பேசுவதைவிட, ஏதேனும் ஒரு நோயைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுவது நலமென்று கருதி, முதிய பூனைகளுக்கு வருகிற தைராய்டு மிகைச்சுரப்பை எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. இந்த நோய்க்குச் சிகிச்சை ஒன்றல்ல, நான்கு. நான்கும் பலன் தரக்கூடியவை. ஆயினும் ஒவ்வொன்றும் அந்தப் பூனையிடமிருந்து வெவ்வேறான ஒன்றைப் பிரதியாகக் கேட்கிறது.

கழுத்தில் மூச்சுக்குழலின் இருபுறமும் ஒட்டிக் கிடக்கும் தைராய்டு சுரப்பி, உணவிலுள்ள அயோடினைக் கொண்டு, உடம்பின் அக்கினி எவ்வளவு வேகமாக எரியவேண்டும் என்பதை நிர்ணயிக்கும் ரசத்தை உண்டாக்குகிறது. பத்து வயதைத் தாண்டிய பூனைகள் சிலவற்றில் இந்தச் சுரப்பியில் ஒரு கட்டி தோன்றி, கட்டுக்கடங்காமல் அந்த ரசத்தைப் பெருக்கிவிடுகிறது. கட்டி என்றதும் புற்றுநோயென்று அஞ்ச வேண்டியதில்லை. அப்படி அமைவது நூற்றில் இரண்டு மூன்றுதான். 1979-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மிருக வைத்தியர்கள் இந்நோயை முதன்முதலாகத் தெளிவாக எடுத்துரைத்தார்கள். இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மூத்த பூனைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் சுரப்பி நோய் இதுவே. பூனை கேட்டுக் கேட்டுத் தின்னும். தின்னத் தின்ன இளைக்கும். தண்ணீரை ஓயாமல் குடிக்கும், அடிக்கடி வாந்தியெடுக்கும், ஓரிடத்தில் படுத்து உறங்காது. கவனியாமல் விட்டால் இதயத் தசை தடித்து, ரத்த அழுத்தம் ஏறி, சில சமயம் ஒரே இரவில் கண்பார்வை போய்விடுவதும் உண்டு.

எனக்கு நெருங்கிய ஒரு வீட்டில் இந்நோய் கண்ட கிழப்பூனை ஒன்றை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தன் ரோமத்தைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்வதையே பெருமையாகக் கொண்ட அந்த ஜீவனின் முதுகெலும்பின் மேல் ரோமம் சிக்குப்பிடித்துத் திரித்திரியாக நின்றது. மார்பின் கீழ் உள்ளங்கையை வைத்தால் இதயத்துடிப்பை எண்ண முடியாது. ஒரு துடிப்பு முடியுமுன் அடுத்தது வந்து விரலில் மோதும். ஊர் அடங்கிய பிறகு, காலியான கிண்ணத்தின் எதிரில் உட்கார்ந்து, அது அதுவரையில் எழுப்பியறியாத ஒரு கரகரத்த குரலில் நெடுநேரம் கத்தும். வைத்தியரிடம் கொண்டுபோவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, அந்த வீட்டின் மூத்தவளான பெரியம்மா, "விட்டுவிடு அம்மா, வாயில்லா ஜீவன். அது கொண்டுவந்த பிராப்தம் அவ்வளவுதான். அதைப் பிடித்து வைத்து மருந்து கொடுக்கிறேனென்று இம்சைப்படுத்தாதே" என்றாள்.

அந்த வார்த்தையில் இரக்கம் இருந்ததே தவிர அலட்சியம் இல்லை. ஆகவே அதற்கு மரியாதையோடு விடை சொல்லவேண்டும். அதில் இரண்டு வாதங்கள் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன: நோய் அதன் வினைப்பயன் என்பது ஒன்று, சிகிச்சையே ஓர் இம்சை என்பது மற்றொன்று.

முதல் வாதத்தை நான் ஏற்கவில்லை. வினைக் கொள்கையை முழுமனதோடு நம்புகிறவர்களுக்கும்கூட, அக்கொள்கை ஒரு ஜீவனுக்கு உபாதை ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் தருமேயல்லாது, அந்த உபாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் என்ன செய்யவேண்டும் என்பதற்கு விலக்குச்சீட்டு தருவதில்லை. பூனையின் வினை பூனைக்கு. அதன் கிண்ணத்தருகே நிற்கிற நமக்கோ, நாம் செய்வதும் செய்யாது விடுவதும் நம் வினையாகும். வினையில் யாருக்கும் குறைவில்லாத நம்பிக்கை வைத்த சமணர்கள்தாம், கிழடும் நோயும்பட்ட பிராணிகளைப் பராமரிக்கும் பிஞ்சராபோல்களைக் குஜராத்தில் நடத்தி வந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், விதியை ஒப்புக்கொள்வதும் கையைக் கட்டிக்கொள்வதும் ஒன்றல்ல என்பது விளங்கும். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், வெளியே சென்று தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட ஒரு பெண் நரகத்துக்கு உரியவளானாள் என்று நபிகள் நாயகத்தின் ஹதீஸ் கூறுவதும் இவ்விஷயத்தில் மிகவும் பொருத்தமானது. அங்கே குற்றம் பூனையை அடித்ததில் இல்லை. அதன் வாழ்வைத் தன் கைக்குள் அடக்கிக்கொண்டு, பிறகு அந்தக் கையை மூடிவிட்டதில் இருக்கிறது. வீட்டுக்குள் வளர்க்கும் பூனையை நாமும் அவ்வாறே நம் கைக்குள் அடக்கிக்கொண்டிருக்கிறோம்.

மனிதக் குழந்தைகள் பசித்திருக்கையில் பூனைக்குச் செலவு செய்வது தகுமா என்று கேட்பவர்களும் உண்டு. உலகத்திலுள்ள பசியெல்லாம் தீர்ந்த பிறகுதான் தன் வாசலிலுள்ள உயிரைக் கவனிப்பேன் என்பவன், பெரும்பாலும் இரண்டையும் கவனியாமலே காலத்தைக் கழித்துவிடுகிறான் என்பதோடு இதை விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் வாதம் அவ்வளவு எளிதில் விலகுவதல்ல. சிகிச்சை இம்சைதான், அதில் சந்தேகமில்லை. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் படியால் வகுத்து, விலங்குகளை ஐயறிவின் வரிசையில் வைத்தார். ஆறாவதான மனம் விலங்குக்கு முற்றிலும் இல்லையென்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் நாளைய சுகத்துக்காக இன்றைய துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளும் அந்தக் கணக்கு பூனையிடம் இல்லையென்பது பிரத்தியட்சம். அறுவைக்குப் போகிற மனிதன், "இன்னும் பத்து நாள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அந்த ஆறுதலே பாதி மருந்து. பூனைக்கு அந்தப் பாதி கிடையாது. அதற்குத் துன்பம் வந்தால் துன்பம் மாத்திரமே வருகிறது, காரணமின்றி, முடிவின்றி, அதுவரை சோறிட்ட கையிலிருந்தே. ஆகையால் மனிதனுக்கு நியாயமான ஒரு சிகிச்சை பூனைக்கும் நியாயமாகும் என்று மேலெழுந்தவாரியாகச் சொல்லிவிட முடியாது. பூனையின் ஆயுளில் எத்தனை மாதம் கூடுகிறது என்று கேட்கும்போதே, அந்த மாதங்களிலுள்ள ஒவ்வொரு நாளும் பூனைக்கு எப்படிப்பட்ட நாளாக இருக்கும் என்றும் கேட்டாகவேண்டும்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நான்கு சிகிச்சைகளையும் பார்க்கலாம். மெத்திமசோல் அல்லது கார்பிமசோல் என்னும் மாத்திரை, சுரப்பி ரசம் செய்வதைத் தடுக்கிறது, கட்டியைக் கரைப்பதில்லை. எனவே ஆயுள் முழுவதும், பெரும்பாலும் காலையும் மாலையும், கொடுத்துவர வேண்டும். அந்த வீட்டில் அது கொடுக்கப்பட்ட விதத்தைப் பார்த்தேன்: துவாலையில் பூனையைச் சுற்றி, இடக்கையால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கடைவாயில் விரலை வைத்துத் திறந்து, நாக்கின் அடியில் போய் ஒளிந்துகொள்ளாதபடி மாத்திரையைத் தொண்டையின் விளிம்பில் போட்டு, வாயை மூடிப் பிடித்துக் கழுத்தை நீவிவிட்டார்கள். முழுவதும் அரை நிமிஷம்தான். ஆனால் சில நாட்களில், மாத்திரைப் பெட்டியின் மூடி திறக்கும் ஓசைக்கே பூனை கட்டிலின் அடியில் புகுந்துகொண்டது. உடல் தேறிவந்தது, விசுவாசம் தேய்ந்துவந்தது. பின்னர் அதே மருந்தைக் களிம்பாக வாங்கி, உறை மாட்டிய விரல்நுனியால் காதுமடலின் உட்புறத்தில், ரோமமில்லாத இடத்தில், தடவத் தொடங்கினார்கள். களிம்பு உடம்பில் சேருவது மாத்திரையைப்போல் நிச்சயமில்லையென்று வைத்தியர் சொல்லி, ரத்தத்தை அடிக்கடி சோதிக்கச் சொன்னார். ஆயினும் மாலையில் காதை நீட்டிக்கொண்டு மடியில் உட்கார்ந்த அந்தப் பூனையைக் கண்டபோது, மருந்தின் வீரியத்தில் சிறிது குறைந்தாலும் உறவில் குறையாத வழியைத் தேர்ந்தது விவேகமே என்று எனக்குப் பட்டது.

அயோடின் மிகக் குறைந்த விசேஷ உணவு இரண்டாவது வழி. அதைத் தவிர வேறொன்றையும், பக்கத்துக் கிண்ணத்திலுள்ள ஒரு கவளத்தைக்கூட, பூனை தின்னக் கூடாது. வலுக்கட்டாயம் எதுவுமின்றி நோய் அடங்கும், ஆனால் வேட்டைப்பிராணிக்கு அதன் சுபாவமே மறுக்கப்படும். அறுவை மூன்றாவது. தேர்ந்த கையில் நோய் வேரோடு போய்விடும் என்றாலும், தளர்ந்த இதயத்துக்கு மயக்கமருந்தின் அபாயமும், சுரப்பியை ஒட்டியிருக்கும் கடுகளவான பாராதைராய்டு சுரப்பிகள் சேதமுற்று ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போகும் அபாயமும் உண்டு.

நான்காவதாகிய கதிரியக்க அயோடின்தான் இந்த விசாரத்தில் என்னை அதிகமாக நிறுத்தி வைத்தது. 1941-இல் பாஸ்டன் நகரத்தில் மனிதர்களின் தைராய்டு நோய்க்கு முதன்முதலாகக் கையாளப்பட்ட இச்சிகிச்சையில், தோலுக்கடியில் ஓர் ஊசி, அவ்வளவுதான். மருந்தென்றும் விஷமென்றும் அறியாத சுரப்பி, தன் பேராசையால் அந்த அயோடினை உறிஞ்சிக்கொள்ள, அதிலிருந்து எழும் கதிர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரமே பாய்ந்து, நோயுற்ற திசுவை மாத்திரம் எரித்துவிடுகிறது. மிகைச்சுரப்பினால் ஏற்கெனவே அடங்கி உறங்கிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான திசு, உறங்கிய காரணத்தாலேயே தப்புகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பூனைகள் வரையில் ஒரே ஊசியில் குணமடைகின்றன. மயக்கமருந்து இல்லை, தினசரிப் போராட்டம் இல்லை. ஆனால் அந்த அயோடினின் வீரியம் பாதியாகக் குறையவே எட்டு நாள் ஆகுமாதலால், பூனையின் மலமும் மூத்திரமும் கதிரியக்கம் உடையனவாக இருக்க, அந்தந்த தேசத்துச் சட்டத்தின்படி சில நாட்களோ சில வாரங்களோ அதைத் தனியறையில் அடைத்து வைக்கிறார்கள். வீட்டார் போய்ப் பார்க்கலாகாது.

இங்கேதான் ஒரு நுட்பமான தர்மப்பிரச்னை இருக்கிறது. ஊசி பூனைக்காக, சிறை நமக்காக. அந்தத் தனிமையால் பூனைக்கு யாதொரு நன்மையும் இல்லை. மனிதர்மேல் கதிர் படாதிருக்கவே அது அங்கே இருக்கிறது. திரும்ப அழைத்துப்போக வருவோம் என்று அதனிடம் சொல்லும் பாஷையும் நமக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரையில் அது கைவிடப்பட்டது. இவ்வளவும் தெரிந்தே நான் இந்தச் சிகிச்சையின் பக்கம் சாய்கிறேன். ஏனெனில், அந்தக் கலக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. மாத்திரையை வெறுக்கும் ஒரு பூனைக்கு வருஷக்கணக்கில் நாள்தோறும் இருமுறை நேரும் நிர்ப்பந்தத்துக்கு எல்லையில்லை. ஆனால் நம் சௌகரியத்துக்காக அதன்மேல் சுமத்துகிற அந்தத் தனிமையை, "அதன் நன்மைக்கே" என்று பெயர்சூட்டி மறைத்துக்கொள்ளாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், வீட்டில் பழகிய துணியொன்றை அதனோடு அனுப்பவும், தீனியும் பேச்சும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தைத் தேடவும் மனம் முயலும்.

சம்மதத்தைப் பற்றிய என் கேள்விக்கு, பூனையையே உவமையாக எடுத்தாண்ட ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்களிடம் ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. ஈசுவரன் ஜீவனை ரட்சிக்கும் விதத்தைப் பற்றி வடகலையார் மர்க்கட நியாயத்தையும் தென்கலையார் மார்ஜார நியாயத்தையும் சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாயே அதைக் கழுத்தின் பின்புறம் கவ்வி, அபாயமில்லாத இடத்துக்குக் கொண்டுபோகிறது. சம்மதம் கேட்கப்படாத ரட்சணையும் உண்டு என்பதே இந்த நியாயத்தின் உட்பொருள். இங்கே கவனிக்கவேண்டியது, தாய்ப்பூனை கவ்வும் அந்தப் பல், எலியின் கழுத்தை முறிக்கும் அதே பல்தான் என்பது. குட்டியின் தோலில் அது எவ்வளவு அழுந்தலாம் என்பதைக் குட்டியா தீர்மானிக்கிறது? தூக்குகிற வாய்தான் தீர்மானிக்கிறது. சம்மதமின்றி ரட்சிக்கும் அதிகாரம் பெற்றவர், அதனாலேயே, தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பிறர் சொல்லாமல் தாமே ஓயாமல் சோதித்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். நாம் பகவானுமல்லோம், தாய்ப்பூனையின் பிழையற்ற இயற்கையறிவும் நமக்கில்லை. ஆகவே நம் சோதனை இன்னும் கடுமையாக இருக்கவேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஒரு கிரமத்தை நோயே கற்பிக்கிறது. மிகைச்சுரப்பு சிறுநீரகத்துக்கு ரத்தவோட்டத்தைப் பெருக்குவதால், அந்தப் பூனைக்கு ஏற்கெனவே சிறுநீரகம் கெட்டிருந்தாலும் சோதனையில் அது தெரியாமல் மறைந்துவிடுகிறது. தைராய்டை அடக்கியதும் மறைந்திருந்தது வெளிப்பட்டு, மருந்துதான் கெடுத்துவிட்டதோ என்று வீட்டார் கலங்குகிறார்கள். மருந்து அதைப் படைக்கவில்லை, திரையை விலக்கியது. இதனால்தான், சுரப்பியை நிரந்தரமாக அழிக்குமுன் சில வாரங்கள் மாத்திரையையோ களிம்பையோ கொடுத்து, ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துப் பார்க்க வைத்தியர்கள் பலர் விரும்புகிறார்கள். வாந்தியோ, முகத்தைப் பிறாண்டிக்கொள்ளும் அரிப்போ கண்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம். எரித்த சுரப்பியைத் திரும்ப வைக்க முடியாது. இதில் வைத்திய யுக்தி மாத்திரமல்ல, ஒரு தர்மமும் இருப்பதாக நான் கருதுகிறேன்: வேண்டாமென்று சொல்ல இயலாத உயிருக்கு, திரும்பப் பெறக்கூடியதை முதலிலும், திரும்பப் பெறமுடியாததைப் பின்னும் செய்யவேண்டும். அது காட்டும் தெம்பும் சோர்வுமே அதன் வாக்கு. அந்த வாக்கைக் கேட்பதற்கு அவகாசம் கொடுப்பதே நம்மால் அதனிடம் கேட்கக்கூடிய சம்மதம்.

இந்த மருந்துகளின் பூர்வோத்தரத்தை அறிந்தவர்களுக்கு இன்னொரு பாரமும் மனத்தில் ஏறும். தைராய்டு ரசத்தை ரசாயனத்தால் தடுக்கலாம் என்னும் ஞானம் 1940-களில் அமெரிக்க ஆராய்ச்சிசாலைகளில் எலிகளின் உடம்பில் கண்டறியப்பட்டது. அங்கிருந்து அது மனிதருக்கு வந்து, மனிதரிடமிருந்து பூனைக்கு வந்தது. ஓர் உயிரிடம் காட்டும் கருணையின் அடியில் வேறோர் உயிரின் வேதனை கிடக்கிறது. மருந்தை மறுப்பதால் அந்தக் கடன் தீராது. மருந்தைச் சோம்பலாலும் அவசரத்தாலும் வீணாக்காதிருப்பது ஒன்றே நம்மால் ஆவது.

எல்லாம் செய்தும் தேறாத நிலை வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில், முடமாகி, பிழைக்க வழியின்றித் துடித்த ஒரு கன்றுக்குட்டியை விஷ ஊசியால் மரணிக்கச் செய்ய மகாத்மா காந்தி உடன்பட்டபோது, அகிம்சையைப் போதித்தவரே இப்படிச் செய்யலாமா என்று கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. நோய் தீராததாக இருக்கவேண்டும், சம்பந்தப்பட்டவர் எல்லோரும் நம்பிக்கை இழந்திருக்கவேண்டும், வேறெந்தப் பணிவிடையாலும் உதவ முடியாதிருக்கவேண்டும், தன் விருப்பத்தைத் தெரிவிக்க நோயாளிக்கு இயலாதிருக்கவேண்டும் என்று அவர் விதித்த நிபந்தனைகளை ஆத்திரத்தில் படித்தவர்கள், அவை கொல்வதற்கு எவ்வளவு குறுகலான வாசல் என்பதைக் கவனிக்கவில்லை. நம் விஷயத்தில் கடைசி நிபந்தனை ஒன்றே எப்போதும் நிறைவேறியிருக்கிறது. மற்ற மூன்றும் நிறைவேறாதவரையில், இளைத்துவிட்டது, கிழடாகிவிட்டது, இரவில் கத்துகிறது என்று சொல்லி உயிரைப் போக்குவது கருணையாகாது. மூன்றும் நிறைவேறிய பிறகு, நம் பிரிவாற்றாமைக்காக ஊசியும் குழாயும் செருகி நாட்களை நீட்டுவதும் கருணையாகாது. இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும் காலம் பெரும்பாலும் நீண்டது. நல்ல கவனிப்பில் வருஷங்கள்கூட ஆகும்.

ஆகவே, வீட்டில் பத்து வயதைக் கடந்த பூனையை வைத்திருப்பவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். மாதம் ஒருமுறை அதைத் தராசில் வைத்து எடை பாருங்கள். நன்றாகத் தின்றும் இளைக்கிறது என்று கண்டால், வயதாகிவிட்டது என்று சொல்லிச் சும்மா இராமல், மிருக வைத்தியரிடம் கொண்டுபோய், கழுத்தைத் தடவிப் பார்க்கவும், ரத்தத்தில் தைராக்ஸின் அளவையும் சிறுநீரகத்தின் நிலையையும் சோதிக்கவும் சொல்லுங்கள். நான்கு வழிகளில் உங்கள் ஊரில் கிடைப்பவை எவையென்று கேளுங்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும், அந்த ஒரு பூனையின் ஒரு நாள் அதனால் எப்படிக் கழியும் என்பதை வைத்தியரிடம் விவரமாகக் கேட்டறிந்து, பிறகு சம்மதம் கொடுங்கள்.